கிராபிக்ஸ் கார்டு இன்னும் முடிவாகவில்லை

ரூமை லென்ஸ் காலி செய்த அன்று கம்ப்யூட்டரைத்தான் கடைசியாக எடுத்துப் போனான். துணிமூட்டை, பெட்டி, செருப்பு எல்லாம் முதலிலேயே வண்டியில் ஏறிவிட்டன. மானிட்டரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் வர, சிபியூவைத் தூக்கிக்கொண்டு மோட்டார் முன்னால் இறங்கினான். "பாத்துடா, திருப்பத்துல இடிக்கும்" என்று ஒவ்வொரு மாடியிலும் லென்ஸ் சொன்னான். வேறு பேச்சு இல்லை.

மோட்டார், லென்ஸ் என்பதெல்லாம் ரூமுக்குள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பெயர்கள். ஒருவன் லிஃப்ட் மெக்கானிக். மற்றவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். வாடகைக்கு ஆள் தேடியபோது எப்படியோ ஒரே ரூமில் வந்து சேர்ந்தவர்கள், வருஷக்கணக்கில் அப்படியே தங்கிவிட்டார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று லென்ஸ் கிண்டல் செய்வான். சாயங்காலம் இருவரும் சாப்பிட்டுவிட்டு ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். தீவு தீவாகப் போய்ப் பாலம் கட்டுகிற ஒரு விளையாட்டு. ஒருவன் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் ஆணி அடிக்க வேண்டும். ஆள் விட்டு ஆள் கடலில் விழுவார்கள். பழி மட்டும் எப்போதும் மற்றவன் மேல்தான்.

லென்ஸுக்கு வரன் அமைந்தது. பெண் வீட்டுக்கு ஒரே மகள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா இல்லை. அதனால் லென்ஸ் வீட்டோட மாப்பிள்ளையாக ஊரின் மறுகோடிக்குப் போனான். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். போகலாம்தான். ஆனால் ஒரு புது மாப்பிள்ளையின் மாமனார் வீட்டுக்கு எந்த முகாந்திரத்தில் போவது?

அவன் போன பிறகு மேஜை இருந்த சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிந்தது. மோட்டார் அங்கே தன் டூல் பையை வைத்தான். சரியாக வரவில்லை. எடுத்துக் கட்டிலடியில் தள்ளினான்.

அவன் வேலை அப்படி. நாளெல்லாம் பத்துக் கட்டடம் ஏறி இறங்கினாலும் பேச்சு என்று ஒன்றும் இருக்காது. "எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்பார்கள். "முடிச்சிட்டு சொல்றேன்" என்பான். லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும் ஏறிப் போய்விடுவார்கள். அது நன்றாக ஓடுகிற வரை அவனை யாருக்கும் ஞாபகம் வராது. முன்பெல்லாம் இது அவனுக்கு உறைத்ததே இல்லை. அன்றன்றைக்கு நடந்ததை ரூமில் கொட்டிவிடுவான். ஒருநாள் ஒரு பெரியவர் பாதி மாடியில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்ததும் இறங்காமல், "இப்ப இது மேல போகுதா கீழ போகுதா?" என்று கேட்டதை லென்ஸிடம் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். இப்போது அதுபோல ஏதாவது நடந்தால், சாயங்காலம் வரை மனசுக்குள் வைத்திருந்து, ரூம் கதவைத் திறந்ததும்தான் சொல்ல ஆள் இல்லை என்பது ஞாபகம் வரும்.

போன் பண்ணுவான்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு. மாமனாருக்கு எப்படி இருக்கு?"

"பரவால்ல. வேலை எப்படி போகுது?"

"போகுது."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்" வந்துவிட்டால் அவ்வளவுதான். அதற்கு மேல் இருவரிடமும் ஒன்றும் இருக்காது. ஒரே ரூமில் இருந்தவரை எதைப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தான். உருப்படியாக ஒன்றும் பேசியதில்லை. பக்கத்தில் இருந்ததால் பேச்சு வந்தது. போனில் பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டியிருக்கிறது.

ஒருநாள் அந்த "அப்புறம்"க்குப் பதிலாக, வாய்க்கு வந்ததைச் சொன்னான். "கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்டா."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு படியேறுகிற காலடி. லென்ஸ் மொட்டைமாடிக்குப் போகிறான் என்று தெரிந்தது.

"எதுக்கு? கேமுக்கா?"

"வேற எதுக்கு?"

"ரெடிமேடா வாங்கிடாத. தலைல கட்டிடுவாங்க. பார்ட் பார்ட்டா வாங்கி நீயே கட்டு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறது உனக்கு யாரும் சொல்லித் தரணுமா? கையில எவ்ளோ வச்சிருக்க?"

மோட்டார் சொன்னான்.

"ம். இழுத்துப் பிடிச்சா வரும். ஆனா இழுத்துப் பிடிக்கணும்."

அன்று காது சூடாகிற வரை பேசினார்கள். ப்ராசஸரில் ஆரம்பித்தார்கள். உள்ளேயே படம் காட்டுகிற வசதி உள்ளது ஒரு விலை, அது இல்லாதது கொஞ்சம் குறைவு. "எப்படியும் தனியா கிராபிக்ஸ் கார்டு போடப்போற. அப்புறம் அந்த வசதிக்கு ஏன் தண்டம் அழணும்?" என்றான் லென்ஸ். மோட்டார் ஒத்துக்கொண்டான். போனை வைத்தபோது ரூம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல இருந்தது.

அதிலிருந்து அடிக்கடி பேச்சு நடந்தது. மதர்போர்டு ஒரு வாரம் ஓடியது. ராம் பற்றி லென்ஸுக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் இருந்தது. "ஒரே பெருசா வாங்காத. ரெண்டு பாதியா வாங்கு. பீரோவ ஒருத்தன் தூக்குறதுக்கும் ரெண்டு பேரு தூக்குறதுக்கும் வித்தியாசம் இல்லையா?" பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது என்று அவன் பாடம் எடுத்தபோது மோட்டாருக்குச் சிரிப்பு வந்தது. "டேய், பொழுதன்னைக்கும் கரண்டோட குடும்பம் நடத்துறவன் நான். எனக்கே சொல்றியா?" கேபினட் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு வேண்டுமா என்று ஒரு சண்டை. கண்ணாடி என்றால் லென்ஸுக்குப் பிரியம். காற்று போக ஓட்டை இருந்தால் போதும் என்றான் மோட்டார்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் பார்ட்ஸ் கடைக்குப் போய்வந்தான். பெரிய வணிக வளாகம் ஒன்றின் அடித்தளத்தில், இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, எதையாவது கழற்றிக்கொண்டே பேசுவாள். மூன்றாவது தடவை இவன் தலையைப் பார்த்ததும், "இன்னைக்காவது வாங்குற எண்ணமா, இல்ல தரிசனம் மட்டும்தானா?" என்றாள்.

"கிராபிக்ஸ் கார்டு இன்னும் முடிவாகல."

"யாரு முடிவு பண்ணணும்?"

"ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லணும்."

"அவரு எப்ப சொல்லுவாரு?"

அது அவனுக்கே தெரியவில்லை. கார்டு விஷயத்தில் லென்ஸ் நிலையாக நிற்கவே இல்லை. ஒரு வாரம், புதிது சின்னதாக வாங்கு என்பான். அடுத்த வாரம், அதே விலைக்குப் பழசு பெரிதாகக் கிடைக்கும், அதைப் பார் என்பான். பார்த்துவிட்டு வந்து சொன்னால், பழசென்றால் யாரோ ராத்திரி பகலாக ஓட்டிச் சக்கையாக்கியிருப்பான், வேண்டாம் என்பான். மோட்டாரும் விடவில்லை. ஒன்று முடிவாகப்போகிறது என்று தோன்றினால், "அந்த இன்னொன்னு எப்படிடா?" என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுவான்.

ஒரு சனிக்கிழமை கடைக்காரம்மா ஒரு கார்டை எடுத்து வைத்தாள். பழசுதான், ஆனால் அவளே வாங்கிச் சோதித்தது. கெட்டுப்போனால் மாற்றித் தருகிறேன் என்றாள். இவன் கையில் இருந்த தொகைக்குள் மற்றதெல்லாம் போக அது அப்படியே அடங்கியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"யோசிச்சு சொல்றேன்" என்றான்.

அவள் முதல்முறையாகக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

படியேறி வெளியே வந்தான். வெயில் தாழ்ந்து தெருவிளக்குகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடக்கும்போதுதான் அவனுக்கு விளங்கியது. வாங்கிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டர் அல்ல அவனுக்கு வேண்டியது. மொட்டைமாடிக்கு ஏறுகிற அந்தக் காலடிச் சத்தம்தான். ஒரு பெட்டியை வாங்காமலே இத்தனை நாள் அதை வைத்து ஓட்டியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் போன் பண்ணி, கடைக்காரம்மா காட்டிய கார்டைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, "ஃபேன் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு நகைமாளிகையின் மேல்தளத்தில், லிஃப்ட் மோட்டார் ரூமில் குனிந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது லென்ஸிடமிருந்து குரல்செய்தி வந்தது. கையைத் துடைத்துவிட்டுக் காதில் வைத்தான்.

"டேய், எல்லாத்தையும் நானே பாத்து முடிச்சிட்டேன். எழுதியும் அனுப்பியிருக்கேன். கார்டு அந்தக் கடைக்காரம்மா காட்டுனதே போதும், நல்ல கார்டு. இனிமே யோசிக்காத, போய் வாங்கிடு. ரொம்ப நாளா இழுத்துட்டோம். எனக்கும் கடைல வேலை ஜாஸ்தி, பேச நேரம் கிடைக்காது. சரியா? வாங்கிட்டு சொல்லு."

இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். குரலில் கோபம் இல்லை. சலிப்பும் இல்லை. ஒரு வேலையை முடித்துக் கொடுத்தவன் குரல். கீழே யாரோ பட்டனை அழுத்தியிருக்க வேண்டும், பக்கத்தில் சக்கரம் சுழன்று கயிறு ஓட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். 'சரி' என்று ஒரு சொல் எழுதி அனுப்பினான். அதற்குப் பிறகு அவன் போன் பண்ணவில்லை. லென்ஸும் பண்ணவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமை கடைக்கும் போகவில்லை. அக்கா போன் செய்து, "அந்த லென்ஸ் பையனே கட்டிக்கிட்டான், நீ எப்படா?" என்று கேட்டபோது, பார்க்கலாம்க்கா என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்கடுத்த சனிக்கிழமை போய் எல்லாவற்றையும் வாங்கினான். வாங்காமல் இருப்பதற்கு இனி காரணம் இல்லை. கடைக்காரம்மா அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "முடிவாயிடுச்சா?" என்றாள். தலையாட்டினான். கண்ணாடி அலமாரியில் விளையாடுகிற கன்ட்ரோலர்கள் தொங்கின. ஒன்று கேட்டான். அவள் எடுத்துத் தந்ததும், "இன்னொன்னும் குடுங்க" என்றான்.

"வீட்டுல எத்தன பேரு?"

"ஒருத்தர்தான்."

அவள் இரண்டையும் கவுண்டரில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "ஒண்ணே போதும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தான். கட்டுகிற வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. பெரிய இயந்திரங்களின் கரியும் கிரீஸும் படிந்த விரல்கள், தீப்பெட்டி அளவு ப்ராசஸரைப் பிடித்து அதன் இடத்தில் வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டான். ராம் இரண்டும் 'டக்' என்று உட்கார்ந்தன. ஒயர்களைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும், வரிசையாகக் கட்டினான். மத்தியானம் சாப்பிட மறந்துபோனான். கடைசியில் கார்டைப் பொருத்தி, மானிட்டர் கேபிளைச் சொருகி, சுவிட்சைப் போட்டான்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை இருட்டாகவே இருந்தது.

அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி சொருகினான். லிஃப்ட் நின்றுபோனால் எப்படிப் பார்ப்பானோ அப்படியே பதறாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். திரும்பவும் ஃபேன், விளக்கு, இருட்டு. லிஃப்ட் என்றால் வெளியே பத்துப் பேர் நின்று அவசரப்படுத்துவார்கள். இங்கே கேட்க யாரும் இல்லை. அந்த இருண்ட திரையில் தன் முகமும் பின்னால் கட்டிலும் தெரிவதைப் பார்த்தபோது அழுகை வரும்போல இருந்தது. ஒரு மிஷினுக்குப் போய் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தான்.

எடுத்தது ஒரு பெண்குரல்.

"அவரு அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காரு. போன மறந்துட்டுப் போயிட்டாரு. நீங்க மோட்டார் அண்ணாதானே?"

லென்ஸின் மனைவி. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். கல்யாணத்தன்று வரிசையில் நின்று கைகூப்பியதோடு சரி.

"ஆமாம்மா. ஒண்ணும் அவசரமில்ல. கம்ப்யூட்டர்ல ஒரு சந்தேகம். அப்புறம் பேசுறேன்."

"வச்சிடாதீங்கண்ணா. அப்ப வாங்கிட்டீங்களா?"

"நேத்து வாங்கினேன்."

"நல்லதா போச்சு. நான்தான் அவரத் திட்டினேன். பாவம் அவரு ஒரு பெட்டி வாங்குறதுக்கு மூணு மாசமாவா இழுத்தடிப்பீங்க, ஒரு வாரம் இதுங்கிறீங்க, ஒரு வாரம் அதுங்கிறீங்க, அந்த மனுஷன் உங்கள நம்பி உக்காந்திருக்காருனு சொன்னேன். அதுக்கப்புறம்தான் உக்காந்து முடிச்சாரு."

"இழுத்தது நானும்தான்மா" என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க போன் பண்ணா மட்டும்தான் அவரு மாடிக்குப் போவாரு. சிரிக்கிறது கீழ வரைக்கும் கேக்கும். கல்யாணமான புதுசா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. யாரு இந்தப் பொண்ணு, இவ்ளோ நேரம் பேசுறாருனு ஒருநாள் படிக்கட்டுல நின்னு ஒட்டுக் கேட்டேன். பவர் சப்ளை பவர் சப்ளைனு என்னமோ ஓடிட்டிருந்துது" என்றாள்.

மோட்டார் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

"அவரோட கம்ப்யூட்டரு இங்க வந்ததுல இருந்து பிரிக்கவே இல்லண்ணா. கட்டிலுக்கு அடியில போர்வையோட இருக்கு. வைக்க இடமில்ல. அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. நான் எடுத்து வைங்கன்னு சொன்னா, தனியா உக்காந்து என்ன விளையாடுறதுங்குறாரு." குரல் தணிந்தது. "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். ஆனா அவருக்கு இன்னும் இது எங்க வீடுதான். தண்ணி குடிக்கக்கூட கேட்டுட்டுக் குடிக்கிறாரு. இப்ப கொஞ்ச நாளா நீங்களும் பேசுறதில்ல."

"பேசுறேம்மா" என்றான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் லென்ஸ் கூப்பிட்டான். படியேறி வந்த மூச்சிரைப்பு கேட்டது.

"என்னடா, ஆன் ஆகலையா?"

"ஆகுது. படம் வரல."

"கேபிள எங்க சொருகியிருக்க?"

"பின்னாடிதான்."

"பின்னாடினா? மேல போர்டுல இருக்கே, அதுலயா?"

மோட்டார் எட்டிப் பார்த்தான். "ஆமா."

"கீழ கார்டுல சொருகுடா. அந்த ப்ராசஸர்ல படம் காட்டுற வசதி கிடையாதுனு தலபாடா அடிச்சுக்கிட்டேனே. நானும் மொதத் தடவ இதையேதான் பண்ணேன். உன்கிட்ட சொன்னதில்ல, கேவலமா இருந்துச்சு."

கேபிளை மாற்றினான். திரை வெளுத்து, எழுத்துகள் வந்தன. வந்துவிட்டது என்று லென்ஸிடம் சொன்னான். லென்ஸ் நின்ற மாடியில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அவ உன்கிட்ட சொல்லிட்டாளாமே" என்றான் லென்ஸ்.

"ம்."

"கோச்சுக்காத. கம்ப்யூட்டரப் பிரிக்கலைனு சொன்னா நீ வருத்தப்படுவனு விட்டுட்டேன்."

"நீ ஏன்டா கார்ட மாத்தி மாத்தி சொன்ன?"

"நீ ஏன்டா வாங்காம இழுத்த?"

தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. "மோட்டார அணைக்கணும், இரு" என்றவன், "உன்ன இல்ல" என்று சேர்த்துக்கொண்டான். போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தான். அதன்பின் அன்று இருவரும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லை. மாமனாரின் இருமலைப் பற்றி லென்ஸ் சொன்னான். ராத்திரி அவர் இருமுவது நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது என்றான். வேலை முடிந்து ரூமுக்கு வரப் பிடிக்காமல் சில நாள் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவதை மோட்டார் சொன்னான். இதுவரை யாரிடமும் சொல்லாதது அது.

அதன் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று லென்ஸ் சொன்னான். மாமனாருக்கு முடியாமல் போனதில் வரவில்லை. இன்னொரு ஞாயிறு மனைவியோடு வந்தான். அவள் ஒரு பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தாள். கார் ஓட்டுகிற விளையாட்டில் இருவரையும் தோற்கடித்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ அலட்டல்?" என்றாள். பிறகு சில மாதம் வர முடியவில்லை. மோட்டார் தனியாக விளையாடப் பழகிக்கொண்டான். சில சாயங்காலங்கள் அது போதுமானதாக இருந்தது. சில சாயங்காலங்கள் சுவிட்சைப் போடாமலே படுத்துவிட்டான். போனில் "அப்புறம்" வந்தாலும் வைத்துவிடாமல் இருக்க இருவரும் கற்றுக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருப்பார்கள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம், இந்தப் பக்கம் ஃபேன்.

மாமனார் தேறி நடமாட ஆரம்பித்த பின் ஒரு விடுமுறை நாளில் லென்ஸ் தனியாக வந்தான். முகம் வெளிறியிருந்தது. நேராகத் தன் பழைய கட்டிலில் உட்கார்ந்து, "போடுடா, பாப்போம்" என்றான். விளையாட்டு திறந்து வருவதற்குள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் கீழே தொங்க, அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். மோட்டார் அவன் காலை எடுத்து மேலே வைத்தான். ஜன்னல் கதவைச் சாத்தினான். ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு முதலில் இருந்து தனியாக ஆடினான். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் லென்ஸ் திடுக்கிட்டு எழுந்தான். "மணி என்னடா? எழுப்பியிருக்கலாம்ல?"

"தூங்கிட்டு இருந்த."

"வந்ததுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடல."

"பரவால்ல."

முகத்தைக் கழுவிக்கொண்டு அவசரமாகச் சட்டையைச் சரிசெய்தான். இருவரும் படியிறங்கிப் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். பஸ்ஸில் கூட்டம். ஏறியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. சரி சரி என்று மோட்டார் தலையாட்டினான். பஸ் கிளம்பியது. திருப்பத்தில் அது மறைகிற வரை நின்றிருந்துவிட்டு, ரூமுக்குத் திரும்பி நடந்தான்.